வேட்கை: நிறைவேறுமா, தணியுமா?

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மாலையில் தமிழ் வகுப்பு நடத்தி வருகிறேன். ஒரு நாள் திருத்துவதற்கு வந்த கட்டுரைகளில் ஒன்றில், "புதிய கைப்பேசி வாங்க வேண்டும் என்ற என் நெடுநாள் வேட்கை அன்று நிறைவேறியது" என்றொரு வரி இருந்தது. வாக்கிய அமைப்பிலோ சந்தியிலோ குறை சொல்ல எதுவும் இல்லை. இருந்தும் 'வேட்கை' என்ற சொல்லின் கீழும் 'நிறைவேறியது' என்ற சொல்லின் கீழும் சிவப்பு மையால் கோடிட்டேன். தாளைத் திரும்பப் பெற்ற மாணவன், "அகராதியில் வேட்கை என்றால் ஆசை என்றுதானே போட்டிருக்கிறது, டீச்சர்?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். அகராதி சொல்வது சரிதான். ஆனால் அது நம்மைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. மீதி வழியை அந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் மற்றச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது.

வேட்கை என்ற சொல்லுக்கு விருப்பம் என்ற பொருளோடு தாகம் என்ற பொருளும் உண்டு. 'நீர்வேட்கை' என்றால் தண்ணீர்த் தாகம். இன்று இந்தப் பொருளில் அதை எழுதுவோர் குறைவு என்றாலும், சொல்லின் குணம் முழுவதும் இந்தத் தாகத்தில்தான் அடங்கியிருக்கிறது. பினாங்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தைப்பூசத்தைக் காட்டினால் போதும். வெயில் ஏறிய பிறகு தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி, இறங்கி, கூட்டத்தில் நசுங்கி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் நிலையில் சாலையோரத் தண்ணீர்ப் பந்தலை அடைகிறவர், அங்கே மோர் இருக்கிறதா, பானகம் இருக்கிறதா, ரோஜா நிறத்தில் ஆயர் சிராப் இருக்கிறதா என்று தேர்ந்தெடுத்துக்கொண்டு நிற்பதில்லை. கையில் கிடைத்த குவளையை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இரண்டாவது குவளைக்குக் கையை நீட்டும்போதுதான் முதலில் குடித்தது என்ன என்பதே அவருக்குத் தெரிகிறது. அந்த முதல் குவளைக்கு முந்திய நிலைதான் வேட்கை. அதில் தேர்வுக்கு இடமில்லை, உடம்பே கேட்கிறது.

இப்போது வினைச்சொல்லுக்கு வருவோம். தாகம் நிறைவேறியது என்று யாரும் சொல்வதில்லை. தாகம் தணிந்தது, தாகம் அடங்கியது, தாகம் தீர்ந்தது என்றுதான் சொல்கிறோம். வேட்கைக்கும் அதே வினைகள்தாம் பொருந்தும்: வேட்கை எழுகிறது, மிகுகிறது, தணிகிறது, ஒருவர் வேட்கை கொள்கிறார், ஏதோ ஒன்று வேட்கையைத் தூண்டுகிறது. ஆசையோ நிறைவேறும், கைகூடும். ஆசைப்பட்டேன் என்று சொல்லலாம், வேட்கைப்பட்டேன் என்று சொன்னால் காதில் உறுத்தும். 'தீர்' என்ற வினை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. ஆசை தீரச் சாப்பிட்டான் என்பதும், வேட்கை தீரப் படித்தான் என்பதும் சரியே.

வினைகளில் உள்ள இந்த வேறுபாடு வெறும் பழக்கத்தால் வந்ததன்று. நிறைவேறுவது என்றால் ஒரு செயல் முற்றுப்பெறுவது. கைப்பேசி வாங்கிவிட்டால் கைப்பேசி வாங்கும் ஆசை முடிந்தது. மறுநாள் வேறொரு ஆசை தொடங்கலாம், ஆனால் இது முடிந்தது. தாகம் அப்படி முடிவதில்லை. காலையில் தணிந்தது நண்பகலில் மீண்டும் எழுகிறது. அதனால்தான் கற்கக் கற்க மேலும் கேட்டுக்கொண்டே இருக்கும் அறிவுக்கும், கிடைத்த பிறகும் அடங்காத பதவிக்கும் வேட்கை என்ற சொல் இவ்வளவு எளிதாகப் பொருந்துகிறது. 'அறிவு வேட்கை', 'பதவி வேட்கை' ஆகிய இரண்டும் நாளேடுகளில் நாம் அடிக்கடி காணும் தொடர்கள். விடுதலை ஒரே ஒரு முறை கிடைத்துவிட்டால் முடிந்துவிடும் பொருள்தானே, பிறகு ஏன் ஆகஸ்டு மாதக் கட்டுரைகளில் எல்லாம் 'விடுதலை வேட்கை' என்று எழுதுகிறோம் என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். அங்கே தாகத்தின் இன்னொரு பக்கம் வேலை செய்கிறது. நீரின்றி உயிர் தரிக்காது என்பதுபோல, மலாயா விடுதலை பெற்ற 1957-க்கு முந்திய தலைமுறையினர் விடுதலை இல்லாத வாழ்வை வாழ்வாகவே கருதவில்லை என்ற நெருக்கடியை அந்தத் தொடர் உணர்த்துகிறது. ஆக, மீண்டும் மீண்டும் எழுவதாகவோ, இல்லாமல் முடியாததாகவோ ஒரு விருப்பம் இருந்தால் அதற்கு வேட்கை என்ற பெயர் தகும். கைப்பேசிக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது என்று சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

தாகத்தை விருப்பத்துக்குப் பெயராக்குவது தமிழில் மட்டும் உள்ள வழக்கமன்று. நம்மைச் சுற்றிப் பேசப்படும் மலாயில் 'டஹாகா' என்றால் தாகம். பாசத்துக்கு ஏங்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போதும் அதே சொல்லிலிருந்து 'டஹாகாக்கான் காசே சாயாங்' என்பார்கள். புலாவ் திக்குஸ் பக்கம் பர்மா சந்தில் 1803-இல் நிறுவப்பட்ட பர்மியப் பௌத்தக் கோயிலைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இன்னொரு சொல் நினைவுக்கு வரும். துன்பத்துக்குக் காரணம் எது என்ற கேள்விக்குப் பௌத்தம் தரும் விடை, பாலி மொழியில் 'தண்ஹா'. அதற்கும் நேர்ப்பொருள் தாகம்தான். தமிழின் பௌத்தக் காப்பியமான மணிமேகலை, பிறவிச் சுழற்சியின் பன்னிரண்டு கண்ணிகளைப் பேதைமை, செய்கை, உணர்வு என்று வரிசையாகச் சொல்லி, எட்டாவதாக இந்தத் தண்ஹாவை வைக்கும் இடத்தில் ஆசை என்றோ அவா என்றோ சொல்லாமல் 'வேட்கை' என்கிறது. அதற்கு முந்தியது நுகர்வு, அடுத்தது பற்று. ஒன்றை நுகர்ந்தால் வேட்கை எழும், வேட்கை எழுந்தால் அது பற்றாக இறுகும் என்பது அந்த வரிசையின் கணக்கு. தாகம் என்ற பொருளை உள்ளுக்குள் வைத்திருக்கும் ஒரு பாலிச் சொல்லுக்கு, அதே பொருளை உள்ளுக்குள் வைத்திருக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடி வைத்தது அருமையான மொழிபெயர்ப்பு என்பது என் எண்ணம்.

இனிச் சொல்லின் வேர். 'வேள்' என்பது விரும்புதலைக் குறிக்கும் பழைய வினை. அதனோடு தொழிற்பெயர் விகுதியாகிய 'கை' சேர்ந்தால் வேட்கை. இந்தக் 'கை' நம் உடம்பில் உள்ள கை அன்று. வருகை, வாழ்க்கை, நம்பிக்கை ஆகிய சொற்களில் வருவதும் இதே விகுதிதான். 'கேள்' என்பது 'கேட்க' என்று ஆவதுபோல, 'வேள்' என்பதில் உள்ள ளகர மெய் டகர மெய்யாக மாறுகிறது. அப்படியானால் 'கொள்' என்பதோடு 'கை' சேரும்போது 'கொட்கை' என்று வராமல் 'கொள்கை' என்று ஏன் நிற்கிறது? கேட்டான், கேட்பான் என்று கேள் வல்லின ஓசையோடு நடக்கும். வேளும் அவ்வாறே வேட்டான், வேட்பான் என்று நடக்கும். கொள் மட்டும் கொண்டான், கொள்வான் என்று மென்மையாக நடக்கிறது. வினை எப்படி நடக்கிறதோ, அதன் பெயரும் அப்படியே அமைகிறது. இலக்கணத்தில் இப்படி ஒழுங்காக விடை கிடைக்கும் கேள்விகள் குறைவு என்பதால், இதை வகுப்பில் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

'வேட்ப' என்ற வடிவத்தைத் திருக்குறளில் காணலாம். "கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்" என்ற 643-ஆம் குறளில், முன்னர்க் கேளாதவரும் கேட்க விரும்பும்படி பேசுவதே சொல்வன்மை என்று வள்ளுவர் சொல்கிறார். அதே வேரிலிருந்து வந்த 'வேட்பு' என்ற பெயரை நம் நாளேடுகள் தேர்தல் காலத்தில் நாள்தோறும் அச்சிடுகின்றன. 2023-ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று பினாங்கு மாநிலத் தேர்தலுக்கு வேட்புமனுத் தாக்கல் நடந்தபோது, மனுவைக் கையில் ஏந்திச் சென்ற ஒவ்வொருவரும் சொல்லின்படி பார்த்தால் தம் விருப்பத்தை எழுதிக் கொடுக்கச் சென்றவர்கள்தாம். வேட்பாளர் என்றால் விரும்பி வந்து நிற்பவர். அவரைப் பிடிக்காதவர்கள் அவருக்குப் பதவி வேட்கை என்று எழுதுவார்கள். வேட்பாளர் என்ற பெயரிலும் வேட்கை என்ற வசையிலும் ஒரே வேர் இருப்பதை இரு தரப்பினரும் கவனிப்பதில்லை. வேள்வி என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. முருகனுக்குச் செவ்வேள் என்று பெயர். 'வேள்' என்பதற்கு விரும்பப்படுபவன் என்று விளக்கம் கூறுவது மரபு. அவன் கையில் இருக்கும் 'வேல்' லகர மெய்யில் முடிவது. அதற்கும் இந்த வேளுக்கும் முடிச்சுப் போடக் கூடாது.

இந்தக் குடும்பத்தில் நாம் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லும் உறுப்பினர் ஒருவரும் இருக்கிறார். அவர்தாம் 'வேண்டும்'. வேட்கை என்பது மேடையிலும் ஏட்டிலும் மட்டும் வரும் கனமான சொல் என்று மாணவர்கள் மிரள்கிறார்கள். ஆனால் தைப்பூசப் பந்தலில் நிற்கும் இளைஞர் வியர்த்து வரும் மூதாட்டியிடம், "அம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்கும்போது, அந்த 'வேணுமா' வேட்கையின் நெருங்கிய உறவுதான். ஒன்று தேய்ந்து தேய்ந்து அன்றாடப் பேச்சாகிவிட்டது. மற்றொன்று தேயாமல் ஏட்டில் தங்கிவிட்டது. பழைய சொற்கள் இப்படித் தேய்வதும் இடம் மாறுவதும் வழக்கம்தான். இன்று நம்பிக்கையைக் குறிக்கும் 'நம்பு' என்பதைத் தொல்காப்பியம் "நம்பும் மேவும் நசையாகும்மே" என்று விருப்பப் பொருளில் சொல்கிறது. நசை என்றாலும் விருப்பம்தான்.

தொல்காப்பியத்தில் வேட்கை வரும் இடங்களில் எனக்கு மிகப் பிடித்தது உரியியலில் உள்ள ஒரு வரி: "வயா என் கிளவி வேட்கைப் பெருக்கம்." வயா என்ற சொல் பெருகிய வேட்கையைக் குறிக்கும் என்பது இதன் பொருள். கருவுற்ற பெண்ணுக்கு இன்னது தின்ன வேண்டும் என்று திடீரென்று எழும் அடக்க முடியாத விருப்பத்தைப் பழந்தமிழ் வயா என்றது. நாம் மசக்கை என்கிறோம். சென்ற ஆண்டு என் அண்ணன் மகள் மசக்கையாக இருந்தபோது ஒரு நாள் சௌராஸ்தா சந்தைக்கு அழைத்துப் போகச் சொன்னாள். அங்கே ஊறுகாய்ப் பழங்கள் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. கண்ணாடிச் சாடிகளில் மாங்காய், ஜாதிக்காய், அம்ப்ரா, நெல்லி என்று எல்லாம் ஜெருக்காகப் போட்டு வைத்திருப்பார்கள். கடைக்காரர் சுவை பார்க்க நீட்டிய மாங்காய்த் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அவள் கண்ணை மூடினாள். பிறகு விலை கேட்கவில்லை. அரைக் கிலோ நிறுக்கச் சொல்லிவிட்டு, பை கட்டி முடிப்பதற்குள் அடுத்த துண்டுக்குக் கை போய்விட்டது. "அத்தை, வீட்டுக்குப் போறவரைக்கும் தாங்காது" என்றாள். கோப்பிக் கடை மேசையில் வைத்தே பாதி காலியானது. தொல்காப்பியர் சொன்ன பெருக்கம் இதுதான் என்று அன்று எனக்குப் பட்டது. அதை ஆசை என்றால் போதாது. ஆசைக்கு வீடு வரை காத்திருக்கத் தெரியும்.

மலாயிலும் மசக்கை விருப்பத்துக்கு 'இடாம்' என்ற வேர் இருக்கிறது. அதிலிருந்து வந்த 'இடாமான்' என்ற சொல் இன்று வீட்டு விளம்பரப் பலகைகளில் எல்லாம் 'ரூமா இடாமான்' என்று, நெடுநாள் விரும்பிய வீடு என்ற பொருளில், நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. கருவுற்றவளின் வாய்க்குள் பிறந்த சொல் வங்கிக் கடன் வரை போயிருக்கிறது. தமிழ் வயாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அது இலக்கண நூலோடு நின்றுவிட்டது.

அடுத்து, வேட்கையோடு குழப்பிக்கொள்ளப்படும் பக்கத்து வீட்டுச் சொற்கள். பினாங்கின் கறிச்சோறான நாசி கண்டாரை வைத்தே சொல்லிவிடலாம். மதியம் நாசி கண்டாரும் சாப்பிடலாம், மீயும் சாப்பிடலாம், ஆனால் முன்னதைத் தேர்ந்தெடுப்பேன் என்றால் அது விருப்பம். இன்றைக்கு நாசி கண்டார்தான் என்று காலையிலேயே முடிவாகிவிட்டால் ஆசை. புதிதாகத் திறந்த கடையில் எப்படி இருக்கும் என்று அறியத் துடித்தால் ஆவல். அதில் எதிர்பார்ப்பு கலந்திருக்கிறது. கறிக்குழம்பை எப்படிக் கூட்டுகிறார்கள் என்று கேட்டுக் கற்றுக்கொள்ள முனைந்தால் ஆர்வம். வெளிநாட்டில் வேலை செய்யும் பினாங்குக்காரர் ஒருவர் குளிர்கால இரவில் அந்தக் குழம்பின் மணத்தை நினைத்துக்கொண்டு படுத்திருந்தால் ஏக்கம். ஏக்கத்துக்கும் வேட்கைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் மாணவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். ஏக்கம் எட்டாததை நினைத்துச் சோர்ந்து உட்கார்ந்திருக்கும். வேட்கை எழுந்து நடக்கத் தொடங்கிவிடும். தாகம் எடுத்தவர் தண்ணீரை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு இருப்பதில்லை, குழாயைத் தேடுகிறார். நாசி கண்டாருக்கு வேட்கை என்று எழுதினால் நகைச்சுவைக்கு ஆகும். அந்த நோக்கத்தோடு எழுதினால் நன்றாகவே இருக்கும்.

அவாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். "அவாஎன்ப எல்லா உயிர்க்கும் எஞ்ஞான்றும் தவாஅப் பிறப்பீனும் வித்து" என்று வள்ளுவர் அதை அறுக்க வேண்டியதாகவே பேசுகிறார். 37-ஆம் அதிகாரத்துக்குப் பெயரே அவாவறுத்தல். ஆனால் நம் ஊர்ப் பரிசளிப்பு விழாக்களில், "நம் பிள்ளைகள் தமிழில் சிறக்க வேண்டும் என்பதே எங்கள் அவா" என்று பேசாத பேச்சாளர் அரிது. அறுக்கச் சொன்ன பொருள் மறைந்து, உயர்ந்த விருப்பம் என்ற பொருள் வந்து அமர்ந்துவிட்டது. வேட்கைக்கு இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்த குணம் வரவில்லை. அது தன் பக்கத்தில் வரும் சொல்லின் நிறத்தையே எடுத்துக்கொள்கிறது. அறிவு வேட்கை உள்ளவரைப் பாராட்டுகிறோம். பொருள் வேட்கை உள்ளவரை விட்டு விலகி நிற்கிறோம். ஆகவே, எதன்மேல் வேட்கை என்று சொல்லாமல் 'அவருக்கு வேட்கை அதிகம்' என்று மொட்டையாக எழுதுவது ஆபத்து. அப்படித் தனியே விட்டால், படிப்பவர் மனம் உடல் வேட்கைக்குத்தான் போகும்.

அதற்கு நெடிய வரலாறு உண்டு. காதல் முற்றும் நிலைகளை அடுக்கிச் சொல்லும் தொல்காப்பியக் களவியல் நூற்பா, வேட்கையில் தொடங்கி, இடைவிடாது நினைத்தல், மெலிதல் என்று வளர்ந்து, மயக்கம், சாக்காடு என்று முடிகிறது. சொல்லோடு ஒட்டிய அந்தச் சூட்டை இன்றும் முழுவதும் கழுவ முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் லிட்டில் இந்தியாவில் ஓர் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ் ஒன்றின் படிவத்தைப் பிழை திருத்தித் தரச் சொன்னார்கள். பெண் வீட்டார் எளிய சொல் வேண்டாம் என்று தேடிப் பிடித்து, "தங்கள் வருகையை வேட்கையுடன் எதிர்நோக்கும்" என்று எழுதி, அதன் கீழே தாத்தா, பாட்டி, பெற்றோர் ஆகிய அனைவரின் பெயர்களையும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். 'வேட்கையுடன்' என்பதை அடித்துவிட்டு 'ஆவலுடன்' என்று எழுதிக் கொடுத்தேன். பெண்ணின் தந்தை ஏன் என்று கேட்டார். நான் விளக்கத் தொடங்கி, அருகில் இருந்த பாட்டியைப் பார்த்துவிட்டு, "இதுதான் வழக்கம்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

எழுத்துப் பிழையையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பொருள் தெரிந்தவர்களும் அங்கே வழுக்குகிறார்கள். 'வேட்க்கை' என்று ஒரு ககர மெய்யைச் சேர்த்து எழுதுவது பெருவழக்காகிவிட்டது. தமிழில் டகர மெய், றகர மெய் ஆகிய இரண்டுக்கும் பின் இன்னொரு வல்லின மெய் வராது. அந்த இரண்டும் தாமே ஓசையை இறுக்கிவிடுவதால் அடுத்த எழுத்தை இரட்டிக்கத் தேவையில்லை. 'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'கேட்க்க' என்பன எல்லாம் இதே வழியில் வந்த பிழைகள். முயற்சி, பயிற்சி, கேட்க, வேட்கை என்று எழுதினால் போதும். பக்கத்தில் வேறு சொல் வந்து சேரும்போது அங்கே வரும் வல்லினத்தைத் தடுக்க வேண்டாம்: வேட்கையைத் தணித்தான், வேட்கைப் பெருக்கம்.

கைப்பேசி மாணவன் ஆண்டு இறுதியில், பள்ளி விடுமுறையில் மாமா வீட்டுப் பழைய நூல்களைப் படித்தது பற்றி ஒரு கட்டுரை எழுதினான். "அலமாரியில் இருந்த கடைசி நூலை முடித்த பிறகும் என் வேட்க்கை தணியவில்லை" என்பது அதன் கடைசி வரி. ஒரே ஓர் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு, முழு மதிப்பெண் போட்டேன்.